டிராகன் வீட்டுப் பங்காளிச் சண்டை

இந்த முறை முழுக்க ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரைப் பற்றிய கேள்விகள். முதல் இரண்டு சீசன்களின் திருப்பங்களும் பதில்களில் வெளிப்படும். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் நேரே கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

கே: நீங்கள் கறுப்பர் கட்சியா, பச்சையர் கட்சியா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– வாசகி, பாளையங்கோட்டை

ப: கறுப்பு. அரசன் விசேரிஸ் தன் மகள் ரெய்னிராவை வாரிசாக அறிவித்தான். பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டுச் சத்தியம் செய்தார்கள். பின்னால் ஓர் ஆண் பிள்ளை பிறந்துவிட்டதால் செய்த சத்தியம் ரத்தாகிவிடாது. உரிமை ரெய்னிராவுடையது. ஆனாலும் எதிர்ப்பக்கம் நிற்கும் அலிசென்ட்டை நினைத்துத்தான் எனக்கு அதிகம் மனசு வலிக்கிறது.

கே: இத்தனை பேர் சாவதற்கு யார்தான் காரணம்? ஓட்டோவா, டேமனா, அலிசென்ட்டா?
– வாசகர், ஈரோடு

ப: உங்கள் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது: விசேரிஸ். அவன் கெட்டவன் இல்லை. இந்தத் தொடரில் அவனைவிடப் பாசமான தகப்பன் கிடையாது. அதனாலேயே அவன் செய்த தவறு பலர் கண்ணில் படுவதில்லை.

மூத்த மனைவி ஏமா பிரசவத்தில் தவிக்கும்போது, ஆண் பிள்ளையைக் காப்பாற்ற அவள் வயிற்றைக் கிழிக்கச் சம்மதம் கொடுத்தவன் அவன்தான். அவளும் போனாள், பிள்ளையும் தங்கவில்லை. அந்தக் குற்ற உணர்விலும், தம்பி டேமன் மேல் வந்த கோபத்திலும்தான் மகளை வாரிசாக்கினான். முடிவு நல்ல முடிவு. அதற்குப் பிறகு அந்த முடிவைக் காப்பாற்ற அவன் என்ன செய்தான் என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. மறுமணம் செய்தான், அதுவும் மகளின் உயிர்த் தோழி அலிசென்ட்டை. அவளுக்கு மகன் ஏகான் பிறந்ததும் பிரபுக்களைத் திரும்பக் கூட்டி, ‘இவன் பிறந்ததால் எதுவும் மாறவில்லை’ என்று இன்னொரு முறை சத்தியம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ரெய்னிரா தன் மூத்த மகனுக்கு அலிசென்ட்டின் மகள் ஹெலேனாவைப் பெண் கேட்டு, இரண்டு வீட்டையும் ஒன்றாக்கப் பார்த்தாள். விசேரிஸ் முகம் மலர்ந்தது, அலிசென்ட் முகம் சுளித்தாள், பேச்சு அதோடு நின்றுபோனது. அவன் அரசன். ‘கல்யாணம் நடக்கும்’ என்று ஆணையிட்டிருந்தால் நடந்திருக்கும்.

கடைசியில் மகளை டிராகன்ஸ்டோன் தீவுக்குப் போகவிட்டான். ஆட்சியை அலிசென்ட் கையிலும் அவள் தகப்பன் ஓட்டோ கையிலும் கொடுத்துவிட்டு நோயில் படுத்தான். தலைநகரின் காவல், கஜானா, மந்திரி சபை எல்லாம் அங்கே இருந்தன. மகளிடம் இருந்தது பட்டம் மட்டும்.

கே: உடம்பெல்லாம் அழுகிச் சாகக் கிடந்த மனிதனை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

ப: நீங்கள் மனதில் வைத்திருக்கும் காட்சி எது என்று தெரிகிறது. முதல் சீசனின் எட்டாம் எபிசோட். பேரனுக்குச் சேர வேண்டிய உரிமையை மறுக்கிறார்கள் என்று தெரிந்ததும், முகத்தில் பாதியைத் தங்க முகமூடியால் மறைத்துக்கொண்டு, தடியை ஊன்றி, சபையின் ஒரு கோடியிலிருந்து சிம்மாசனம் வரை விசேரிஸ் நடந்து வருகிறான். படியில் கிரீடம் கழன்று விழுகிறது. எந்தத் தம்பியை வாரிசு இல்லை என்று தள்ளினானோ அதே டேமன் வந்து அண்ணனைக் கைத்தாங்கலாக ஏற்றி, கிரீடத்தை எடுத்துத் தலையில் வைக்கிறான்.

படப்பிடிப்பில் அந்தக் கிரீடம் தற்செயலாகத்தான் விழுந்தது. நடிகர்கள் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். இயக்குநர் கீதா வசந்த் படேல் அதை அப்படியே வைத்துக்கொண்டார். விசேரிஸாக நடித்த பேடி கான்சிடைன் அந்த நடையில் காட்டிய வலியை அண்மைக் காலத் தொலைக்காட்சியில் வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. எம்மி விருதுக்கான நடிகர் பரிந்துரைகளில் அவர் பெயர் வராதது பெரிய அநீதி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நடை என்னையும் அழ வைத்தது. அழுது முடித்ததும் ஒரு கேள்வி வந்தது: சாகும் தறுவாயில் மகளுக்காக அவ்வளவு தூரம் நடக்க முடிந்தவன், திடமாக இருந்த காலத்தில் ஏன் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை? அவன் மேல் எனக்கு அன்பு உண்டு. மன்னிப்பு இல்லை.

கே: தொடரின் முதல் காட்சியே ஒரு பெண்ணை ஒதுக்குவதுதானே?
– வாசகர், காரைக்குடி

ப: ஆமாம், மொத்தக் கதையின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது. ஏகானின் படையெடுப்பிலிருந்து எண்ணும் அவர்கள் கணக்கில் அது 101-ஆம் ஆண்டு. கிழ அரசன் ஜெஹேரிஸ் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, ஹாரன்ஹால் கோட்டையில் பெரிய சபையைக் கூட்டுகிறான். மூத்த மகன் வழிப் பேத்தி ரெய்னிஸ் ஒரு பக்கம், இளைய மகன் வழிப் பேரன் விசேரிஸ் ஒரு பக்கம். பிரபுக்கள் பேரனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெண்ணுக்குக் கிடையாது என்ற தீர்ப்பால் அரசனானவன் விசேரிஸ். அவனே பின்னால் தன் பெண்ணுக்கு உண்டு என்கிறான். அவனை ஏற்றிவிட்ட அதே பிரபுக்கள் அதை எப்படி விழுங்குவார்கள்? ‘அரசியாக வேண்டியவள், ஆகாமல் போனவள்’ என்ற அடைமொழியோடு ரெய்னிஸ் ஒவ்வொரு சபையிலும் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள். ரெய்னிராவுக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

கே: அலிசென்ட்டும் ரெய்னிராவும் எந்த இடத்தில் எதிரிகள் ஆனார்கள்? எனக்கு அந்தக் கணம் பிடிபடவே இல்லை.
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ப: ஒரு கணம் என்று தனியாக இல்லை என்பதால்தான் பிடிபடவில்லை. நட்பு பல இடங்களில் நூல் நூலாக அறுகிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018-இல் எழுதிய ‘ஃபயர் அண்ட் பிளட்’ புத்தகத்தில் இந்த நட்பே கிடையாது. அங்கே அலிசென்ட் ஒன்பது வயது மூத்தவள், மாற்றாந்தாய், அவ்வளவுதான். தொடரை எழுதியவர்கள் இருவரையும் ஏறக்குறைய ஒரே வயதுத் தோழிகளாக்கினார்கள். கதைக்கு உயிர் கொடுத்தது அந்த ஒரு மாற்றம்.

மனைவியை இழந்த அரசனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வா என்று ஓட்டோ தன் மகளை அனுப்புகிறான். இறந்துபோன அம்மாவின் உடைகளில் ஒன்றைப் போட்டுக்கொள் என்கிறான். அலிசென்ட் நகக்கண்களைப் பிய்த்துக்கொண்டே போகிறாள். தோழியிடம் அவளால் சொல்ல முடியவில்லை. சபையில் எல்லார் முன்னாலும் அப்பா, தான் மணக்கப்போகிறவள் என்று அலிசென்ட்டின் பெயரைச் சொல்லும்போதுதான் ரெய்னிராவுக்கு விஷயம் தெரிகிறது.

அடுத்த காயம் ரெய்னிரா கொடுத்தது, அதை ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். டேமனோடு ஊர் சுற்றிய இரவைப் பற்றிப் புகார் கிளம்பியபோது, தன் அம்மாவின் நினைவின் மேல் அவள் சத்தியம் செய்கிறாள். டேமன் விஷயத்தை மறுக்கிறாள். அதே இரவில் மெய்க்காவலன் கிறிஸ்டன் கோலோடு இருந்ததை மறைக்கிறாள். அலிசென்ட் முழுதாக நம்பி, அரசனிடம் தோழிக்காக வாதாடுகிறாள். விளைவு, புகார் சொன்ன ஓட்டோவின் பதவி பறிபோகிறது. அதாவது தோழியை நம்பித் தன் தகப்பனையே இழந்தாள். பிறகு கோலின் வாயிலிருந்தே உண்மை வந்து விழும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அலிசென்ட் சொன்னதையெல்லாம் கேட்டவள். அப்பா சொன்னவனைக் கட்டினாள், நான்கு பிள்ளைகள் பெற்றாள், நோயாளிக் கணவனுக்குப் பணிவிடை செய்தாள். ரெய்னிரா ஒவ்வொரு விதியையும் மீறினாள், ஒவ்வொரு முறையும் அப்பா பார்க்காததுபோல இருந்துவிட்டார். அடங்கி நடந்ததற்கு எனக்கு என்ன கிடைத்தது என்ற ஆத்திரம்தான் டிரிஃப்ட்மார்க்கில், மகன் ஏமண்ட் கண்ணை இழந்த இரவில், அவள் கையில் கத்தியாக வந்தது. சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டு அவள் அந்தக் கத்தியை எடுக்கவில்லை.

கே: ரெய்னிராவின் திருமண விருந்துக்கு அலிசென்ட் பச்சை உடையில் வருவதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

ப: அலிசென்ட் பிறந்த ஹைடவர் குடும்பம் போருக்குப் படை திரட்டும்போது அவர்கள் கோபுர உச்சியில் எரியும் தீ பச்சை நிறம். அரசன் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைகிறாள். அவன் பேச்சு நின்றுபோகிறது. ஒரு சொல்கூடச் சொல்லாமல் போர் அறிவித்த காட்சி அது.

கே: விசேரிஸ் சாகும்போது உளறியதை அலிசென்ட் தப்பாகப் புரிந்துகொண்டாள். அதனால் வந்த போர்தானா இது?
– வாசகர், திருச்சி

ப: இல்லை. அப்படி நம்பினால் ஓட்டோ தப்பித்துவிடுவான். விசேரிஸ் சொன்னது வெகுகாலத்துக்கு முன் வாழ்ந்த ஏகான் கண்ட கனவைப் பற்றி. அலிசென்ட் அதைத் தன் மகன் ஏகானுக்கு முடி சூட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறாள். அடுத்த எபிசோடைக் கவனியுங்கள். அவள் சபைக்கு ஓடி வந்து அந்தச் செய்தியைச் சொன்னால், அங்கே எல்லாம் முன்பே தயார். யாரைச் சிறைபிடிப்பது, எந்தக் கோட்டைக்கு என்ன கடிதம் என்று அவளுக்கே தெரியாமல் பல நாளாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். சத்தியத்தை நினைவுபடுத்திய கிழவர் பீஸ்பரி அதே மேஜையில் கொல்லப்படுகிறார்.

புரியாமல் போன அந்தப் பேச்சு அலிசென்ட்டின் மனசாட்சிக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. சபைக்கு அது தேவைப்படவே இல்லை.

கே: டேமன் நல்லவனா, கெட்டவனா?
– வாசகர், சேலம்

ப: கெட்டவன். முதல் மனைவியைக் கொன்றவன். கர்ப்பத்தையும் தகப்பனையும் ஒரே நாளில் இழந்து நிற்கும் ரெய்னிராவின் கழுத்தை நெரித்தவன். அண்ணன் பெற்ற ஒரு நாள் பிள்ளையை வைத்து விடுதியில் கிண்டல் பேசியவன். மேட் ஸ்மித்தின் நடிப்பு அழகாக இருப்பதால் இவையெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அவன் ஏங்கியது அண்ணன் ஒரு தடவை ‘நீ எனக்கு வேண்டும்’ என்று சொல்வதற்காக. அதை அவன் அண்ணனும் கடைசிவரை சொல்லவில்லை.

கே: ரெய்னிராவின் மூன்று பையன்களும் லேனாருக்குப் பிறந்தவர்கள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்புறம் எப்படி அவர்களுக்கு உரிமை?
– வழக்கறிஞர், மதுரை

ப: நீங்கள் வழக்கறிஞர், அதனால் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். தாலி கட்டியவனுக்குச் சமமான இடத்தில் இருக்கும் லேனார் ‘என் பிள்ளைகள்’ என்கிறான். தாத்தா கார்லிஸ் ‘என் பேரன்கள்’ என்கிறான். அரசன் ‘என் பேரன்கள்’ என்கிறான். இந்த மூன்று பேரும் ஏற்றுக்கொண்ட பிறகு தலைமுடி பழுப்பாக இருக்கிறது என்று வாதாட யாருக்கும் இடமில்லை. கார்லிஸின் தம்பி வேமண்ட் வாதாடினான். அவன் சொன்னது உண்மை. டேமனின் வாளுக்கு அவன் தலை போனது.

கார்லிஸை இங்கே கவனிக்க வேண்டும். பேரன்களின் பிறப்பு அவனுக்குத் தெரியாதது இல்லை. தன் பெயரை அவர்கள் தாங்கினால் போதும் என்று இருந்தான். இரண்டாம் சீசனில் தெரிகிறது, அவனுக்கே துறைமுகத்தில் ஆலின், ஆடம் என்று இரண்டு மகன்கள், முறையாக ஏற்றுக்கொள்ளப்படாமல், கப்பல் வேலை செய்துகொண்டு. மகள் வழியில் கள்ளத்தனம் என்றால் ஊர் பேசுகிறது, தகப்பன் வழியில் என்றால் ஊரே கண்ணை மூடிக்கொள்கிறது. ஆலின் அப்பனைப் பார்த்துக் கொட்டும் ஆத்திரம் இரண்டாம் சீசனின் மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்று.

கே: ஏமண்ட் லூசெரிஸைக் கொன்றது வேண்டுமென்றேவா, கை தவறியா?
– வாசகர், புதுச்சேரி

ப: தொடரில் கை தவறித்தான். புத்தகத்தில் அதற்கு இடமில்லை, அங்கே அவன் கண்ணுக்குக் கண் கேட்டே துரத்துகிறான். எனக்குத் தொடரின் வழிதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் எபிசோடிலேயே விசேரிஸ் மகளிடம், டிராகன்களை நாம் அடக்கி ஆள்கிறோம் என்று நினைப்பது வெறும் மாயை என்று எச்சரிக்கிறான். ஒன்பது எபிசோட் கழித்து அது பலிக்கிறது. ஸ்டார்ம்ஸ் எண்ட் கோட்டைக்கு இரண்டு பேரும் தூது வருகிறார்கள். ஏமண்ட் கையில் கல்யாணப் பேச்சு இருக்கிறது. ரெய்னிராவின் மகன் லூசெரிஸ் கையில் பழைய சத்தியத்தை நினைவூட்டும் ஒரு கடிதம் மட்டும். கோட்டைப் பிரபு போரோஸ் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே புயல். ஏமண்ட்டுக்கு அந்தச் சின்னப் பையனைப் பயமுறுத்த வேண்டும், அவ்வளவுதான். சிறுவயதில் தன் கண்ணைப் பறித்தவன் நடுங்குவதைப் பார்க்க வேண்டும். ஆனால் அவன் ஏறியிருக்கும் வேகார், வெஸ்டெரோஸைப் பிடித்த முதல் போரையே பார்த்த கிழ டிராகன். பயந்துபோன லூசெரிஸின் சின்ன டிராகன் அராக்ஸ் சொல் கேளாமல் நெருப்பைக் கக்குகிறது. வேகார் பதிலுக்குக் கிளம்புகிறது. ஏமண்ட் ‘வேண்டாம்’ என்று கத்துகிறான். வேகாரின் காதில் அது விழவே இல்லை.

மேலிருந்து துண்டுகள் விழுவதைப் பார்க்கும்போது ஏமண்ட்டின் ஒற்றைக் கண்ணில் தெரிவது பயம், வெற்றி இல்லை. பெரியவர்கள் பேசித் தீர்க்காமல் விட்ட பகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கண் சொல்லிவிட்டது. அதன் பிறகு அவன் தன்னைக் கொடூரனாகவே காட்டிக்கொள்கிறான். கை தவறிவிட்டது என்று ஒப்புக்கொள்ள அவன் வளர்ந்த வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

கே: இந்தக் கதைக்கு நிஜ வரலாறு ஏதாவது உண்டா?
– வரலாற்று மாணவர், சிதம்பரம்

ப: உண்டு. இங்கிலாந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டு. மார்ட்டினே அதைத் தன் ஊற்றாகச் சொல்லியிருக்கிறார்.

1120 நவம்பர் 25 இரவு, நார்மண்டியின் பார்ஃப்ளூர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘வொயிட் ஷிப்’ என்ற கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. அரசர் முதலாம் ஹென்றிக்கு முறையாகப் பிறந்த ஒரே மகன் வில்லியம் அதில் இறந்தான். ஹென்றி மறுமணம் செய்தார், பிள்ளை இல்லை. எஞ்சியவர் மகள் மட்டில்டா. 1127-இல் பிரபுக்களைக் கூட்டி, மகளை ஏற்போம் என்று சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் ஒருவர் அரசரின் சகோதரி மகன் ஸ்டீஃபன். அதே கப்பலில் ஏறிவிட்டு, வயிற்றுக் கோளாறால் கடைசி நேரத்தில் இறங்கிப் பிழைத்தவர் அவர் என்று அக்கால வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1135 டிசம்பர் 1-இல் ஹென்றி இறந்தார். மட்டில்டா கடலுக்கு அந்தப் பக்கம், வயிற்றில் பிள்ளையோடு. ஸ்டீஃபன் விறுவிறுவென்று கடலைத் தாண்டி வந்து டிசம்பர் 22-இல் முடி சூட்டிக்கொண்டார். ரெய்னிரா கர்ப்பிணியாக டிராகன்ஸ்டோனில் இருக்க, தலைநகரில் ஏகானுக்கு அவசர அவசரமாக முடி சூட்டும் எபிசோடை இப்போது இன்னொரு முறை பாருங்கள்.

பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டு நாடு சீரழிந்தது. 1141-இல் லிங்கன் போரில் ஸ்டீஃபன் சிறைபட்டார். மட்டில்டா முடி சூட லண்டனுக்கு வந்தார். நகரத்தார் திரண்டு விரட்டினார்கள். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, வெள்ளை உடை போர்த்திப் பனியோடு பனியாகத் தப்பி நடந்தார். 1153-இல் ஒப்பந்தம்: ஸ்டீஃபன் சாகும்வரை அவரே அரசர், பிறகு மட்டில்டாவின் மகன். 1154-இல் அந்த மகன் இரண்டாம் ஹென்றி ஆனார். மட்டில்டாவுக்குக் கிரீடம் கடைசிவரை இல்லை. தன் சொந்த உரிமையில் ஒரு பெண் இங்கிலாந்தில் முடி சூட 1553-இல் முதலாம் மேரி வர வேண்டியிருந்தது. நானூறு ஆண்டுகள்! ரெய்னிராவின் கதையைப் பார்த்து ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்பவர்களுக்கு நான் மட்டில்டாவைத்தான் காட்டுவேன்.

கே: ‘பொன்னியின் செல்வன்’ படத்தோடு ஒப்பிட்டு நிறையப் பேர் பேசினார்களே, பொருந்துமா?
– வாசகர், கும்பகோணம்

ப: முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இல் வந்தபோது இந்தத் தொடரின் முதல் சீசன் பாதி ஓடியிருந்தது. அதனால் பேச்சு வந்தது. சிக்கல் ஒன்றேதான்: கண்டராதித்தர் இறந்தபோது பிள்ளை மிகச் சின்னவன், அரசு தம்பி வழிக்குப் போனது, பிள்ளை வளர்ந்த பிறகு உரிமை யாருக்கு? ஆதித்த கரிகாலன் கொலையும் உண்டு. ஆனால் முடிவு வேறு. சித்தப்பனுக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அருண்மொழி விலகியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. உத்தம சோழர் ஆண்டு முடித்த பிறகு 985-இல்தான் ராஜராஜன் வந்தார். டார்கேரியன் வீட்டில் அப்படி விலகி நிற்க ஒருவரும் பிறக்கவில்லை. பொருத்தம் கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

கே: எச்பிஓவின் ‘சக்சஷன்’ தொடரும் வாரிசுச் சண்டைதானே? எது மேல்?
– வாசகி, கோவை

ப: அங்கே தகப்பன் யாரையும் தேர்ந்தெடுக்கவே மாட்டான், இங்கே தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கிப்போனான். வசனத்துக்கு அது, துக்கத்துக்கு இது.

கே: தொடரில் அதிகம் பரிதாபப்பட வேண்டியவர் யார்?
– வாசகி, தூத்துக்குடி

ப: ஹெலேனா. எதற்கும் ஆசைப்படாதவள். பூச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குள் பேசுகிறாள், அவள் பேசியதெல்லாம் நடக்கிறது. தம்பி டிராகனுக்காக ஒரு கண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறாள், நடக்கிறது. தரைப்பலகைக்கு அடியில் மிருகம் இருக்கிறது என்கிறாள். முடிசூட்டு விழாவில் ரெய்னிஸின் டிராகன் தரையைப் பிளந்து வருகிறது. அந்த வீட்டில் ஒருவராவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து ‘என்னம்மா சொல்கிறாய்?’ என்று கேட்டிருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும்.

கே: ஹெலேனாவின் பிள்ளையைக் கொல்லும் காட்சியை மாற்றியதற்கு மார்ட்டினே கோபப்பட்டாராமே?
– வாசகர், வேலூர்

ப: ஆமாம். புத்தகத்தில் ஹெலேனாவுக்கு மூன்று பிள்ளைகள்: ஜெஹேரிஸ், ஜெஹேரா என்ற இரட்டையர், அடுத்து மேலோர். கொலைகாரர்கள், இரண்டு மகன்களில் எவனைக் கொல்ல வேண்டும் என்று தாயையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தொடரில் மேலோர் இல்லை. அவளிடம் கேட்பது, இரட்டையரில் பையன் எது என்பதை மட்டும். 2024 செப்டம்பரில் மார்ட்டின் இதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார், பிறகு அந்த எழுத்தை நீக்கிவிட்டார்.

நான் மார்ட்டின் பக்கம். தாய் தன் வாயால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதன் பிறகும் உயிரோடு இருக்க வேண்டிய நரகம்தான் அந்தக் கட்டத்தின் பொருள். அது இல்லாமல் மிச்சம் இருப்பது ஒரு கொலை. கொடூரமான கொலைதான், ஆனாலும் இந்தக் கதையில் நடக்கும் பல கொலைகளில் ஒன்று. பங்காளிச் சண்டையின் விலையைத் தாயிடம் கேட்கும் காட்சி அது. அதைக் குறைத்திருக்கக் கூடாது.

கே: புத்தகத்தைப் படித்தால் தொடரின் சுவை போய்விடுமா?
– நூலகர், விருதுநகர்

ப: போகாது, கூடும். அது நாவல்போல எழுதப்படவில்லை. பின்னாளில் ஒரு அறிஞர் பல சாட்சியங்களை வைத்து எழுதிய வரலாற்று நூல் என்ற பாவனை. ஒரே சம்பவத்தை மதகுரு ஒரு விதம் சொல்வார், அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் இன்னொரு விதம் சொல்வான். எது நிஜம் என்பது வாசகர் பாடு. அந்த இடைவெளியில்தான் ரயன் கான்டலும் குழுவினரும் தொடரை எழுதுகிறார்கள். அலிசென்ட்டுக்கு அவ்வளவு பெரிய மனசு கிடைத்தது அங்கிருந்துதான்.

கே: சண்டைகளில் உங்களை அதிகம் உலுக்கியது எது? ரூக்ஸ் ரெஸ்ட் டிராகன் போர்தானே?
– வாசகர், ஓசூர்

ப: ரூக்ஸ் ரெஸ்ட் பெரியது. ரெய்னிஸ் தப்பிப் போக வழி இருந்தும் டிராகனைத் திருப்பிக்கொண்டு வரும் அந்த முடிவு மறக்காது. என்னை உலுக்கியது ஒரு படுக்கையறைக்குள் நடந்த வாள்சண்டை. ஆரிக், எரிக் என்று இரட்டைப் பிறவிகள், இருவரும் அரச காவலர்கள். ஒருவன் ஏகானுக்கு, ஒருவன் ரெய்னிராவுக்கு. ஒரே முகம், ஒரே கவசம். வெட்டிக்கொள்ளும்போது எவன் எவன் என்று ரெய்னிராவின் பக்கத்தில் நிற்பவர்களுக்கே தெரியவில்லை. வென்றவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் வாளிலேயே விழுகிறான். அந்த வீட்டுச் சண்டைக்கு இவர்கள் இருவருக்கும் எந்தப் பங்கும் கிடையாது.

கே: இரண்டாம் சீசன் இழுவை. ஒத்துக்கொள்கிறீர்களா?
– வாசகர், சென்னை

ப: பாதி ஒத்துக்கொள்கிறேன். முதல் சீசனில் பத்து எபிசோட், இரண்டாவதில் எட்டு. போர் வெடிக்கப்போகும் இடத்தில் நிறுத்தியது ஏமாற்றம்தான். டேமன் ஹாரன்ஹாலில் கனவு கண்டுகொண்டிருந்த நேரத்தில் பாதியைக் குறைத்திருக்கலாம். ஆனால் கடைசி எபிசோடில் அலிசென்ட் தனியாகக் கடல் கடந்து டிராகன்ஸ்டோனுக்கு வந்து, தலைநகரைத் திறந்துவிடுகிறேன் என்கிறாள். ரெய்னிரா அதற்குக் கேட்கும் விலை ஏகானின் உயிர். ஒலிவியா குக், எம்மா டார்சி இரண்டு பேர், ஒரு அறை, டிராகன் எதுவும் இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்காக எட்டு எபிசோடையும் திரும்பப் பார்ப்பேன்.

கே: நான் இன்னும் ஒரு எபிசோட்கூடப் பார்க்கவில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்திருந்தால்தான் புரியுமா? எப்படித் தொடங்குவது?
– வாசகி, திண்டுக்கல்

ப: தேவையில்லை. அந்தக் கதையின் டெனேரிஸ் பிறப்பதற்கு 172 ஆண்டுகளுக்கு முன்னால் நடப்பது இது. முதல் சீசனின் முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பாருங்கள். இரண்டு எச்சரிக்கை. முதல் எபிசோடின் பிரசவக் காட்சி மிகக் கொடுமையானது. கர்ப்பமாக இருப்பவர்கள், அண்மையில் பிள்ளையை இழந்தவர்கள் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். குழந்தைகளோடு பார்க்கும் தொடர் இது கிடையவே கிடையாது. ஐந்தாம் எபிசோடுக்கும் ஆறாம் எபிசோடுக்கும் நடுவே பத்து வருஷம் ஓடிவிடும், இரண்டு கதாநாயகிகளும் வேறு நடிகைகளாக வருவார்கள், திகைத்துவிடாதீர்கள். பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல ஒலித்துக் குழப்பும். ஒரு காகிதத்தில் குடும்ப மரத்தை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மூன்றாம் எபிசோடுக்குள் பழகிவிடும். எட்டாம் எபிசோடைப் பார்க்கிற அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.